ஜெயம் முழுகாத ஆறு

சேவூர்
4.8.2024

சின்னம்மாளுக்கு உன் அண்ணன் பலராமன் சொல்லி எழுதுவது.

பத்தொன்பது வருஷம் கழித்துக் கடுதாசி வருகிறதே என்று பயப்படாதே. நான் சாகவில்லை. எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சூர்யகலா எழுதுகிறது, தையல் மெஷின் வைத்திருக்கிற பெண். நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், குறைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். போன் போடலாம்தான். பவர்லூம் ஷெட்டில் பதினோரு வருஷம் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து உரக்கப் பேசினால் கேட்கும், போனில் கொரகொரப்புதான் வரும். உன் குரலைக் கேட்க எனக்கு ஆசையும் இல்லை.

விஷயம் இதுதான். நான் உன்னை மன்னித்துவிட்டேன்.

எதற்கு என்று கேட்பாய். தெரியாதவள் மாதிரி கேட்பது உனக்குச் சின்ன வயசிலேயே வரும். அடுத்த மாசம் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன். ஆமாம், நான்தான். அதற்கு முன்னால் சபையில் சனிக்கிழமை சாயந்திரம் வகுப்பு வைக்கிறார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். எழுபத்தி நாலு வயசுக்காரன் நான் ஒருத்தன்தான். மத்தவர்கள் நோட்டில் எழுதிகினு இருப்பார்கள். எனக்கு நோட்டு தேவையில்லை, ஒரு தரம் கேட்டால் போதும். நேற்றைய வகுப்பில் பாஸ்டர் அருள்ராஜ் சொன்னார், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் முதலில் போய் அதைத் தீர்த்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் தண்ணீரில் இறங்கலாம் என்று. மத்தவர்கள் எல்லாம் யோசித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. எனக்கு நீ ஒருத்திதான்.

எதை எதை மன்னித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் தகராறு வேண்டாம்.

2005 கார்த்திகை முதல் ஞாயிறு. விடிகாலையில் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தோம். இந்த முனையில் நான். அந்த முனையில் நிற்க வேண்டிய ஜெயத்தைக் காணோம். பூசின கஞ்சி காய்ந்துகினு இருக்கிறது, இழையோடு இழை ஒட்டுகிறது, தெருவே வேடிக்கை பார்க்கிறது. அப்போது நீ வந்தாய். தீபத்துக்கு என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள். கிளிப்பச்சைப் புடவை, தலையில் ஈரத்துண்டு. என் காதோரம் வந்து, "அண்ணி ஆத்துல இருக்குதுண்ணா, முழுக்கு குடுக்கப் போறாங்க" என்றாய். அந்த வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நீ சொல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். நான் போகாவிட்டால் ஜெயம் முழுகியிருப்பாள். முழுகாமலே 2007 மாசியில் செத்தாள். அது உன் தலையில்.

ரெண்டாவது, வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் மார்க்கட்டியோடு பத்தொன்பது நாள் கிடந்தபோது நீ எட்டிப் பார்க்கவில்லை. அவள் தங்கச்சி கற்பகம்தான் கூட இருந்து பார்த்துகினாள்.

மூணாவது, சாவுக்கு வந்து தெருமுனையில் நின்றுகினு ஒப்பாரி வைத்து என்னை ஊர் முன்னால் கெட்டவனாக்கினாய்.

மூன்றையும் மன்னித்தேன். மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன், மனஸ்தாபம் எதுவும் இல்லை என்று ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பாஸ்டரிடம் காட்ட வேண்டும். ஜல்தியாக அனுப்பு.

இப்படிச் சொன்னால் மன்னித்த மாதிரி இல்லையே பெரியப்பா என்கிறது சூர்யகலா. நீ எழுதும்மா என்றேன்.

பலராமன்


தேசூர்
9.8.2024

அண்ணனுக்கு,

தபால்காரர் வாசலில் நிற்கும்போதே பிரித்துப் படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கெட்ட சேதியாம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ என்னை மன்னித்தாயா? உன்னிடம் யார் மன்னிப்புக் கேட்டது? வீட்டுக்கு வராத விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று கையெழுத்தும் கேட்கிறாய்.

நான் சொன்னேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிளிப்பச்சைப் புடவை ஞாபகம் இருக்கிற உனக்கு, அதற்கு அடுத்து நான் சொன்னது ஏன் ஞாபகம் இல்லை? "நீ போய் மெதுவா கூட்டிகினு வா, சத்தம் போடாதே" என்றேன். பாவு கெட்டுப்போகிறதே, அண்ணி திரும்பி வந்தால் நீ தெருவில் வைத்தே அடிப்பாயே என்ற பயத்தில் சொன்னேன். அது புத்திகெட்டதனம்தான். அதற்காக நான் அழுதது எனக்கும் அண்ணிக்கும் தெரியும். உன்னிடம் அழ வேண்டிய அவசியம் இல்லை.

உன் பின்னாலேயே ஓடி வந்தேன் நான். நாகநதியில் அந்த வருஷம் இடுப்பளவு தண்ணி. அண்ணி வெள்ளைப் புடவையில் கையைக் கட்டிகினு நின்றிருந்தது. செருப்போடு தண்ணியில் இறங்கினது யார்? தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது யார் கை? என் வாய்க்குக் கை முளைத்ததா? பக்கத்தில் நின்றிருந்த ஊழியக்காரர், பொறுங்கய்யா, பேசிக்கலாம் என்று சொன்னதுக்கு அவர் கன்னத்தில் விட்டாயே ஒரு அறை, கரையில் நின்ற எனக்கே கேட்டது. அந்த மனுஷன் பேரும் அருள்ராஜ்தான். அதே அருள்ராஜின் வகுப்பில் உட்கார்ந்துகினு, யாரோடு மனஸ்தாபம் என்று தேடிப் பார்த்தால் உனக்கு நான் ஒருத்திதான் அகப்பட்டேனா?

தண்ணியில் ஒரு முழுக்குப் போட்டால் இதெல்லாம் கழுவிகினு போய்விடுமா? எங்கள் வீட்டு எருமை தினமும் குட்டையில் முழுகுகிறது. அதற்கும் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடு.

என் பக்கத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2011-ல் என் மகள் உதயா கல்யாணத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை எடுத்துகினு உன் வாசலுக்கு வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. உள்ளே நீ இருமினது கேட்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட ஆள் இல்லாமல், என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனை நிற்க வைத்தோம். சம்பந்தி வீட்டார், மாமன் செத்துட்டாரா என்று கேட்டார்கள்.

ரெண்டு வரியும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

சின்னம்மாள்


சேவூர்
15.8.2024

சின்னம்மாளுக்கு,

உன் கடுதாசியைச் சூர்யகலா படித்துக் காட்டியது. அறை என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டது. "நம்ம பாஸ்டரையா பெரியப்பா?" என்று கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. அரைமணி கழித்துத்தான் வந்தது. இப்போது முகத்தைத் தூக்கி வைத்துகினு எழுதுகிறது. இதெல்லாம் உன்னால்தான்.

அறைந்தேன், மறக்கவில்லை. அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது ஆம்பளைகள் விஷயம், நீ நுழையாதே.

எருமையைப் பற்றிச் சொன்னாய். நீ மட்டும்தான் கெட்டிக்காரி என்று நினைப்பு. முதல் வகுப்பிலேயே நான் எழுந்து கேட்டது அதைத்தான், தண்ணி பாவத்தைக் கழுவுமா என்று. பின்னால் இருந்த ரெண்டு காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திகினு சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. தண்ணி சோப்பு இல்லை என்றார். மனம் திரும்பினவன், இயேசுவை நம்பினவன், அதை எல்லோர் முன்னாலும் செய்து காட்டுகிறதுதான் அது. உள்ளே போவது அவரோடு புதைபடுகிறதற்கு அடையாளம், வெளியே வருவது அவரோடு எழுந்திருக்கிறதற்கு அடையாளம். அப்படியானால் முதலில் சாக வேண்டுமே என்றேன். ஆமாம், பழைய ஆள் செத்திருக்க வேண்டும், உயிரோடு இருக்கிறவனைப் புதைக்கக் கூடாது என்றார். எனக்கு அது புரிந்தது. நோட்டில் எழுதினவர்களுக்குப் புரிந்ததா தெரியாது.

நான் எப்படி இதில் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். போன வருஷம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணி ஒண்டியாகக் கிடந்தேன். இந்தச் சூர்யகலாதான் ரெண்டு வேளையும் கஞ்சி கொண்டு வந்தது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பெட்டியில் ஜெயத்தின் வேதப்புத்தகம் இருப்பதைப் பார்த்திருக்கிறது, அதைப் படித்துக் காட்டட்டுமா என்றது. படி என்றேன். தினம் ரெண்டு பக்கம். இப்போது பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம். புத்தகத்தில் அங்கங்கே ஜெயம் மஞ்சள் பூசி வைத்திருக்கிறாளாம். அந்த இடம் வந்தால் சூர்யகலா சொல்லும், ரெண்டாம் தரம் படிக்கச் சொல்லுவேன்.

இப்போது கேள். நான் அந்த ரெண்டு வரியை எதற்குக் கேட்டேன் என்று நினைத்தாய்? நான் முழுகி, செத்து, அங்கே போகிறேன் என்று வைத்துக்கொள். அங்கே ஜெயம் இல்லாவிட்டால்? அவள் தண்ணியில் நின்றாள், முழுகவில்லை. பாஸ்டரிடம் மூணு தரம் கேட்டுவிட்டேன். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளன் எந்தத் தண்ணியில் முழுகினான், அவனையே சேர்த்துக்கொண்டார், ஜெயம் அம்மாவை விடுவாரா என்கிறார். கிழவன் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாரோ என்னவோ. எனக்குத் திடமில்லை. அவளை வெளியே நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே போய் உட்காருவதா? ராத்திரி பகல் இதுதான். இதை யாரிடம் போய்க் கத்துவது? ஆரம்பித்து வைத்தவள் நீ. உன்னிடம்தான் கத்துவேன்.

ஆஸ்பத்திரிக்கு வராததைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதைக் கவனித்தேன்.

பலராமன்


தேசூர்
21.8.2024

அண்ணா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ கவனித்தேன் என்று எழுதியிருக்கிறாய். சரி, நன்றாகக் கவனி.

கற்பகம் ரெண்டே நாள்தான் இருந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை. மீதி பதினேழு நாளும் அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தது நான். மூத்திரச் சட்டி எடுத்தது நான். நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாய். நீ வருகிற நேரத்துக்கு நான் எழுந்து போய் ஓ.பி. பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்துகொள்வேன். அண்ணிதான் அப்படிச் செய்யச் சொன்னது. அவரு வந்து உன்னைப் பார்த்தா வார்டுலயே கத்துவாரு, எனக்கு அதைத் தாங்கற தெம்பு இல்லை என்றது. நீ போன பிறகு வருவேன். நீ வாங்கி வந்த ஆப்பிளை எனக்குத்தான் கொடுக்கும். அதற்கு அப்போது தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. உன்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. வார்டில் ஜெபிக்க ஒரு அம்மா வருவார்கள். அவர்களிடம் கேட்டேன், இந்த நிலைமையில் இவளுக்கு முழுக்கு கொடுப்பார்களா என்று. நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். இன்றைக்கும் ஊற்றுகிறேன். ஆனால் என் வாயால் நின்றுபோனதை நானே முடித்து வைக்கலாம் என்று கேட்டேன். டாக்டர் சரி என்றால் கொடுக்கலாம், நாற்காலியில் வைத்துத் தூக்கிகினு போய் இறக்கலாம் என்றார்கள். ஓடி வந்து அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், இன்றைக்குச் செவ்வாய், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றேன்.

அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேணாம் சின்னம்மா. ஒரு தரம் அவருக்குத் தெரியாம போனேன், அது போதும். அவரு வந்து கரையில நிக்கட்டும். நானே கேட்டுப் பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப் போட்டது. அதுதான் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்குக் கேட்கிறேன் என்று சொல்லி, என்னை வைத்துத் தலைவாரிக்கொண்டது. நான் வராந்தாவுக்குப் போனேன். சாயந்திரம் நீ படியிறங்கிப் போவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு மேலே வந்தேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. கேட்டியா, என்ன சொன்னாரு என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

அவ்வளவுதான் சொன்னது. வியாழக்கிழமை விடிகாலையில் போய்விட்டது.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின என் புடவை நிறம் சொல்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அவள் என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய்? எழுது பார்க்கலாம்.

அங்கே அவள் இருப்பாளா மாட்டாளா என்று உன் பாஸ்டரையே கேள். உங்கள் சாமி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அதை என் தலையில் கொண்டுவந்து வைக்காதே.

சின்னம்மாள்


தேசூர்
2.9.2024

அண்ணனுக்கு,

பன்னிரண்டு நாள் ஆகிறது. சூர்யகலாவுக்குக் கை சுளுக்கா? இல்லை, உனக்கு மறதி வந்துவிட்டதா? வந்திருந்தால் முழு மறதியாக வரட்டும், என் மூன்று குற்றத்தையும் சேர்த்து மறந்துவிடு.

சின்னம்மாள்


ஆரணி
6.9.2024

அனுப்புநர்: பலராமன், சேவூர்.
பெறுநர்: திருமதி சின்னம்மாள், தேசூர்.
பொருள்: ஆஸ்பத்திரியில் நடந்த விவரம் தெரிவித்தல் – தொடர்பாக.

சின்னம்மா, இது சூர்யகலா எழுதவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை. நாலு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தேன், நாலு நாளும் ஒன்றும் சொல்லாமல் அனுப்பினேன். அதனால் பஸ் ஏறி வந்து, தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதுகிறேன். இவருக்கு என்னைத் தெரியாது. தலைப்பு எல்லாம் அவராகப் போட்டது. அவர் பழக்கம் அப்படி.

மேற்படி ஞாயிற்றுக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி மூன்று. ஜெயம் தலைவாரிப் பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தலைகாணியை முதுகுக்கு வைத்திருந்தாள். நல்லாத்தானே இருக்கே என்றேன். அப்புறம் கேட்டாள்.

"என்னைக் கூட்டிகினு போய் முழுகச் சொல்லுவீங்களா? நீங்க கூட நின்னா போதும்."

அப்போது எனக்கு ரெண்டு காதும் நன்றாகக் கேட்கும். கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். ஆற்றிலே ஊர் முன்னால் இழுத்துகினு வந்தவன், இப்போது கூட நின்றால் அன்றைக்குச் செய்தது தப்பு என்று ஆகிவிடும் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். எழுந்தேன். அவள் சரி என்றாள்.

வேலூரிலிருந்து ஆரணிக்குக் கால் மணிக்கு ஒரு பஸ் உண்டு. எந்தப் பஸ்ஸுக்கும் எனக்கு நேரமாகவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். ஒரு வடை தின்றேன். முதல் பஸ் போயிற்று. திரும்பிப் போய்ச் சரி என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். ரெண்டாவது போயிற்று. மூணாவதும் போயிற்று. நாலாவதில் ஏறினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இதை நான் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நீ பதினேழு நாள் இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன் என்று பயந்தாள் என்கிறாய். பயந்திருப்பாள்.

முந்தாநாள் பாஸ்டரிடம் போனேன். முதலில் அறையைச் சொன்னேன். ஆற்றில் உங்களை அடித்தவன் நான்தான் என்றேன். அவர், "தெரியும் பலராமன் அய்யா. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்துகினு இருந்தேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்தவர் ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். கேட்டு வாங்கினால் அது உங்களுடையதாக இருக்காது என்றார். பிறகு பஸ் விவரத்தைச் சொன்னேன்.

பதினைந்தாம் தேதி நான் வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அந்தத் தண்ணியில் இறங்கத் தகுதி இல்லை. நீ ரெண்டு வரி எழுத வேண்டாம்.

மேற்கண்டவை யாவும் உண்மை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

பலராமன் (இடது கைப் பெருவிரல் ரேகை)


தேசூர்
10.9.2024

அண்ணா,

படித்தேன். ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அது உனக்காக இல்லை, அண்ணிக்காக.

தகுதி இல்லை என்கிறாய். தகுதி இருக்கிறவர்களுக்குத்தான் முழுக்கு என்று உன் பாஸ்டர் எந்த வகுப்பில் சொன்னார்? பழைய ஆள் சாக வேண்டும் என்று நீதானே எனக்குப் பெரிசாகப் பாடம் எடுத்தாய்? சாகிற நேரம் வந்ததும் எழுந்து ஓடுகிறாய். இப்போது நீ போகாவிட்டால் அது அஞ்சாவது பஸ். அடுத்த மாசம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திண்டாடிகினு கிடப்பாய். உனக்கு எழுபத்தி நாலு வயசு. எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருக்கிறது?

நான் உன்னை மன்னிக்கவில்லை. பொய் எழுத எனக்கு வராது. எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது உனக்கும் எனக்கும். அதைக் காட்டி நீ தண்ணிக்கு வெளியே நிற்காதே. அண்ணி உனக்காகத்தான் முழுகாமல் காத்துகினு இருந்தது. நீயும் முழுகாமல் போனால் ரெண்டு பேருக்கும் இல்லாமல் போச்சு.

ஒன்று மட்டும் செய். தாலுகா ஆபீஸ் ஆளிடம் சொன்னதை, அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தவர்கள் முன்னால் சொல். தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம். உங்கள் சபையில் ரெண்டு மூணு கிழவிகளாவது அன்றைக்குப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேட்கட்டும்.

நான் வர மாட்டேன்.

சின்னம்மாள்


சேவூர்
17.9.2024

சின்னம்மாளுக்கு,

சூர்யகலாதான் எழுதுகிறது. இனிமேல் இதற்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அதனால் வெட்கமும் இல்லை.

சந்தவாசல் பக்கம் சபைக்காரர் ஒருவரின் நிலத்தில் பம்ப்செட் தொட்டி. காலை ஏழு மணிக்கு வேனில் கூட்டிப் போனார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முந்தின நாள் பாரத்தில் பேர் எழுதும்போது, ஞானஸ்நானத்துக்குப் புதுப்பேர் வைக்க வேண்டுமா என்று ஒருத்தர் கேட்டார். மோசே, யாக்கோபு என்று சொல்லியும் பார்த்தார். பலராமன் என்றே இருக்கட்டும், செய்தவன் பேர் அதுதான், வேறு எவனோ செய்தான் என்று ஆக வேண்டாம் என்றேன்.

இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருத்தரும் சாட்சி சொல்ல வேண்டும். காலேஜ் பெண்கள் அழகாகச் சொன்னார்கள். என் முறை வந்தது. ஆற்றைச் சொன்னேன், தலைமயிரைச் சொன்னேன். பாஸ்டர் பக்கம் கை காட்டி, இந்தக் கன்னத்தில்தான் அடித்தேன் என்றேன். அதற்கே பின்னாலிருந்து ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வடை என்று சொன்னபோதும் ஒருத்தர் ஸ்தோத்திரம் என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. இது ஸ்தோத்திரம் சொல்ற விஷயம் இல்லை. கம்முனு கேளுங்க" என்று கத்திவிட்டேன். எல்லோரும் கப்சிப். மோட்டார் சத்தம் மட்டும்தான். மிச்சத்தை அந்த அமைதியில் சொல்லி முடித்தேன். அன்றைக்கு ஆற்றில் ஜெயத்துக்குப் பக்கத்தில் அடுத்து முழுக இருந்தவள் ஒருத்தி, பொன்னியம்மாள், இப்போது கண் தெரியாது. அவள் மட்டும், "ஜெயம் செருப்பு ஒண்ணு ஆத்துல போச்சு. ரொம்ப நாள் நான் தேடினேன்" என்றாள்.

பாஸ்டர் தொட்டியில் நின்று கை நீட்டினார். அடித்த கையைத்தான் கொடுத்தேன். வேறு கை எங்கே போவது? மனம் திரும்பினீர்களா, இயேசுவை நம்புகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வார்த்தையை இந்த வாயால் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. பின்னால் சாய்த்தார். போர்த் தண்ணி, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. ஜோதி தெரியும், அழுகை வரும் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கில் தண்ணி ஏறிற்று. எழுந்து நின்றேன்.

அதற்குப் பிறகு சூர்யகலா துண்டு கொடுத்துகினு சொன்னது, பெரியப்பா, வரப்பு ஓரம் ஒரு அம்மா நின்றிருந்தாங்க, நெற்றி நிறைய விபூதி, உங்க ஜாடை, நீங்க முழுகி எழுந்ததும் போயிட்டாங்க என்று. ஈர வேட்டியோடு ரோடு வரைக்கும் வந்து பார்த்தேன். பஸ் போய்விட்டது. வர மாட்டேன் என்று எழுதினவள், யாரிடம் இடம் விசாரித்து, எதற்கு வந்தாய்? வந்தவள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? அவ்வளவு திமிர். இந்தக் கோபத்தை நான் விடப் போவதில்லை, அடுத்த வாரம் தேசூருக்கே வந்து கேட்கப் போகிறேன். உதயாவையும் அன்றைக்கு வரச் சொல்லு. அந்தப் பெண்ணிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

வேனில் திரும்பி வரும்போது பாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் காதோரம் குனிந்து, ஜெயம் அம்மா அங்கே இருப்பார்களா என்கிற சந்தேகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, போய்விட்டது, அவள் அங்கேதான் இருக்கிறாள் என்றேன். சந்தோஷம் என்று என் தோளைத் தட்டினார்.

அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். இத்தனை நாளும் அவள் அங்கே இருக்க மாட்டாளோ என்று பயந்தேன். இப்போது, இருப்பாளே என்று பயமாக இருக்கிறது.

பலராமன்